மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கார்ப் பட்டறை: ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்து ஒரு மதிப்புரை

ஜெர்மனியில் தம் காரைத் தாமே பழுதுபார்க்க விரும்புகிறவருக்கு முதலில் குறுக்கே நிற்பது இடப் பிரச்சினை. அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவரின் கார் தெருவோரத்திலோ குடியிருப்பின் பொது நிறுத்துமிடத்திலோ நிற்கிறது. அங்கே எஞ்சின் ஆயிலை இறக்குவது, மண்ணிலும் மழைநீர் வடிகாலிலும் எண்ணெய் கலக்கக் கூடாது என்னும் நீர்ப் பாதுகாப்பு விதிகளோடு நேராக மோதுகிற காரியம். சக்கரத்தைக் கழற்றி வண்டியை ஜாக்கியில் நிறுத்தினால் அண்டை வீட்டார் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்தால் புகாரே செய்துவிடுவார்கள். இந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் ‘மீட்வெர்க்‌ஷ்டாட்’ எனப்படும் வாடகைப் பட்டறைகள் இயங்குகின்றன. காரை உயர்த்தி நிறுத்தும் லிஃப்டும் கருவிகளும் வெளிச்சமும் கூரையும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். வேலையை நாம் செய்துகொள்ள வேண்டும். மேற்கு ஜெர்மனியின் தொழில் நகரங்கள் நிறைந்த ரூர் பகுதியில் நான் தொடர்ந்து போய்வரும் அத்தகைய பட்டறை ஒன்றை, வாடிக்கையாளராக மட்டுமன்றி, இதே தொழிலைத் தொடங்கலாமா என்று எண்ணிப் பார்க்கிறவனாகவும் இங்கே மதிப்பிடுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. கீழே வரும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இந்த வகைப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

யோசனை ஒன்றும் புதிதில்லை. கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் காருக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தவர்கள், வாங்கிய பிறகு பட்டறையில் இடம் கிடைக்கவும் உதிரிபாகம் கிடைக்கவும் மறுபடி காத்திருக்க வேண்டியிருந்ததால், சுயஉதவிப் பட்டறைகளில் தங்கள் கையாலேயே வேலை பார்த்துப் பழகினார்கள். அமெரிக்க ராணுவ முகாம்களிலும் படைவீரர் நலத்திட்டத்தின் ஒரு பகுதியாக இத்தகைய பட்டறைகள் நெடுங்காலமாக உண்டு. இன்றைய காரணம் கூலி. ஜெர்மனியில் ஏறக்குறைய 4.9 கோடி கார்கள் பதிவில் உள்ளன. அவற்றின் சராசரி வயது 10 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சாதாரணப் பட்டறையிலேயே கூலி மணிக்கு 100 யூரோவைத் தாண்டுவது இப்போது வழக்கமாகிவிட்ட நிலையில், 3,000 யூரோ கூடப் பெறாத பழைய காரின் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றக் கொடுத்துவிட்டு, வண்டி விலையில் கணிசமான பங்கை ரசீதாகக் கையில் வாங்க யாருக்கும் மனம் வராது.

இதற்கு மேல் இன்னொரு உந்துதலும் உண்டு. ஜெர்மனியில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கட்டாயத் தகுதிச் சோதனை நடக்கிறது. பிரேக் டிஸ்க் தேய்ந்திருந்தாலோ, சாலையில் தூவப்படும் உப்பால் துருவேறிச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, சைலன்சரில் ஓட்டை விழுந்திருந்தாலோ சான்று கிடைக்காது. குறையைச் சரிசெய்து ஒரு மாதத்துக்குள் மறுசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த நாளிலும் இந்தப் பட்டறையின் லிஃப்டுகளில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், அவற்றுள் சில அந்த ஒரு மாதக் கெடுவுக்குள் ஓடிக்கொண்டிருப்பவை என்பது ஓட்டுநரின் முகத்திலேயே தெரியும். பொழுதுபோக்குக்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் தொழிலைத் தாங்கிப் பிடிப்பவர்கள் கெடுவைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தாம்.

பட்டறை ஒரு பழைய தொழிற்கூடம். நான்கு இரட்டைத்தூண் லிஃப்டுகள், லிஃப்ட் இல்லாத மூன்று சமதளத் தடங்கள், தனி அறையில் டயர் கழற்றும் இயந்திரமும் பேலன்ஸ் இயந்திரமும், ஒரு மூலையில் வெல்டிங் இடம், வாசலருகே கவுண்டர். லிஃப்டுக்கு மணிக்கு 15 யூரோ, சமதளத் தடத்துக்கு 9 யூரோ. முதல் ஒரு மணி நேரம் குறைந்தபட்சக் கட்டணம். அதன்பின் கால் மணிக்கு ஒரு முறை கூடிக்கொண்டு போகும். அடிப்படைக் கருவிகள் அடங்கிய டிராலி வாடகையிலேயே சேர்த்தி. டயர் இயந்திரம், வெல்டிங், ஸ்பிரிங் அழுத்தி, பழுதறியும் கணினி ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

முதல் முறை வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், மது அருந்தியிருக்கக் கூடாது, பாதுகாப்புக் காலணி இல்லாமல் லிஃப்டின் அடியில் போகக் கூடாது என்ற விதிகளைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே உள்ளே விடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் செயல்முறை விளக்கம்தான் இந்தப் பட்டறையின் தரத்துக்கு நல்ல சான்று. லிஃப்டின் நான்கு கைகளையும் வண்டியின் அடிவிளிம்பில் தயாரிப்பாளர் குறித்திருக்கும் தாங்குமிடங்களுக்கு நேராக வைத்து, சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, வண்டியை இரு கையாலும் அசைத்துப் பார்த்து, கைகளின் பூட்டு விழுந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும் என்று பணியாளர் நம்மைச் செய்யவைத்துக் காட்டுகிறார். பழக்கமானவர் வந்தாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் வண்டி போகும் முன் ஒரு பணியாளர் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். இதைச் சலிப்பாகக் கருதும் வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை டன் இரும்பு தலைக்கு மேல் தொங்கும்போது அந்தச் சலிப்புக்கு மதிப்பளிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கருவிகள் விஷயத்தில் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. டிராலியின் ஒவ்வோர் இழுப்பறையிலும் கருவியின் வடிவத்துக்கு ஏற்பக் குழிந்த பஞ்சு மெத்தை இருப்பதால், எந்தச் சாக்கெட் காணவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போது பணியாளர் எண்ணிப் பார்க்கும் வேலையும் சில நொடிகளில் முடிந்துவிடும். ரிங் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் நல்ல தரத்தில், முனை மழுங்காமல் இருக்கின்றன. ஆனால் இந்நாட்டில் அதிகம் ஓடும் வண்டிகளுக்கு அன்றாடம் தேவைப்படும் சில கருவிகள் டிராலியில் இல்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் பின் பிரேக்கைக் கழற்ற வேண்டுமானால், பல தலைமுறை வண்டிகளில், பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை கொண்ட எக்ஸ்.இசட்.என். பிட் வேண்டும். அதே வேலையில் காலிப்பரின் பிஸ்டனை அழுத்தினால் மட்டும் உள்ளே போகாது. அழுத்திக்கொண்டே திருகித் திரும்பச் செலுத்தும் கருவியும் வேண்டும். இவை இரண்டும் கவுண்டரில் தனி வாடகைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. பிரேக் வேலைக்கென்று முன்பதிவு செய்தவரிடம், லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றிய பிறகு, அந்தப் பிட் வேண்டுமானால் 5 யூரோ என்று சொல்வது நேர்மையான வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை. முன்பதிவின்போதே வண்டியின் வகையைக் கேட்டு, இன்ன கருவி தேவைப்படும், இன்ன கட்டணம் என்று சொல்லிவிடலாம்.

போல்ட்டைக் குறித்த அளவு இறுக்கத்துக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்சு மட்டும் கவுண்டரில் இருந்தாலும் இலவசம். சக்கர போல்ட்டுகளைக் கோல்ஃப் போன்ற வண்டியில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றும், ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றும் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இனி இந்தச் சேவையின் மிக முக்கியமான, எந்த விலைப்பட்டியலிலும் காணக் கிடைக்காத அம்சத்துக்கு வருகிறேன். முன் பிரேக் டிஸ்க்கையும் பேடையும் மாற்றுவது அனுபவமுள்ள மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேர வேலை; புதியவருக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வாடகை 45 யூரோ. உதிரிபாகங்களுக்கு 130 யூரோ ஆனாலும் பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். ஆனால் இந்தக் கணக்கு எல்லா போல்ட்டும் கழன்று வரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. டிஸ்க்கைச் சக்கர மையத்தோடு பிடித்து நிறுத்தும் ஒரே ஒரு சிறிய திருகு உப்பிலும் ஈரத்திலும் பத்து ஆண்டு கிடந்து இறுகிப்போயிருக்கும். பிட்டை வைத்துத் திருப்பியதும் தலை சிதைந்துவிடும். அதன் பிறகு துளையிட்டு எடுக்க வேண்டும். கால் மணிகள் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முன்பதிவுக்காரர் வாசலில் வந்து நிற்பார். நம் வண்டியோ மூன்று சக்கரத்தில் லிஃப்டின் மேலே இருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறை நல்லதா கெட்டதா என்பதை அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதை வைத்தே நான் தீர்மானிப்பேன்.

இந்தப் பட்டறை அந்தத் தேர்வில் பெருமளவு தேறுகிறது. திருகு சிதைந்துவிட்டதென்று சொன்னதும் பணியாளர் கவுண்டரிலிருந்து தட்டித் திருப்பும் கருவியையும் சரியான அளவுத் துளைக்கம்பியையும் கொண்டுவந்து, எங்கே எப்படி வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டு நகர்கிறார். மரை கெட்டுப்போன துளைக்கு மறுமரை வெட்டும் கருவிப் பெட்டியும் அவர்களிடம் இருக்கிறது. வேலை அன்று முடியாதெனத் தெரிந்தால், வண்டியைச் சிறு சக்கரங்கள் பொருத்திய பலகைகளின் மேல் இறக்கிப் பின்புற முற்றத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு இரவுக்கு 12 யூரோ வாங்கிக்கொள்கிறார்கள். லிஃப்ட் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. இந்தப் பின்முற்றம் இல்லாத வேறொரு பட்டறையில், பாதி கழற்றிய வண்டி இரவு முழுதும் லிஃப்டை அடைத்துக்கொண்டு நின்றதையும், மறுநாள் காலை முன்பதிவு செய்திருந்தவர் கவுண்டரில் நின்று கத்தியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இத்தொழிலைத் தொடங்க எண்ணுகிறவர் ஐந்தாவது லிஃப்டைப் பற்றி யோசிக்கும் முன், நகர முடியாத நான்கு வண்டிகளை நிறுத்தும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறை என்னவென்றால், கடிகாரம் எதற்காகவும் நிற்பதில்லை. பணியாளர் வேறொருவருக்கு உதவிக்கொண்டிருக்கையில் நாம் காத்திருக்கும் இருபது நிமிடமும் நம் கணக்கில்தான் ஏறுகிறது. சனிக்கிழமைகளில், குறிப்பாக அக்டோபரில் குளிர்காலச் சக்கரம் மாற்றும் கூட்டம் வரும்போதும், ஈஸ்டரை ஒட்டி அதைக் கழற்றும் கூட்டம் வரும்போதும், இரண்டு பணியாளர்கள் ஏழு வண்டிகளுக்கு நடுவே ஓடுகிறார்கள். இந்த நாட்களில் காத்திருப்பு நேரத்தைக் கழித்துக் கொடுப்பதாக அறிவித்தால் பட்டறைக்கு ஆகும் நஷ்டம் சிறிது. கிடைக்கும் நம்பிக்கை பெரிது. கேட்டபோது, அப்படிச் செய்தால் எல்லோரும் காத்திருந்ததாகவே சொல்வார்கள் என்று கவுண்டரில் இருந்தவர் சிரித்தார். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பணியாளர்களில் ஒருவர், கைத்தொழிலில் தேர்வெழுதிப் பெறும் உயர் தகுதியான ‘மைஸ்டர்’ பட்டம் பெற்றவர்; இதன் பொருள் வெறும் அனுபவம் என்பதல்ல. ஜெர்மனியின் கைத்தொழில் சட்டப்படி கார் பழுதுபார்ப்பு, மைஸ்டர் தகுதி பெற்றவரின் பொறுப்பில் மட்டுமே நடத்தக்கூடிய தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. இடத்தையும் கருவியையும் வாடகைக்கு விட மட்டும் அந்தத் தகுதி தேவையில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு பணியாளரே பிரேக்கை மாற்றிக் கொடுக்கும் கணத்தில், அந்த இடம் சட்டத்தின் பார்வையில் பழுதுபார்க்கும் தொழிற்கூடமாகிவிடுகிறது. இங்கே மைஸ்டர் இருப்பதால், பாதியில் கைவிட்டவரின் வேலையை மணிக்கு 75 யூரோ கூலியில் அவர் முடித்துத் தருகிறார். தொழிலின் ஆதாயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்த 75 யூரோ காட்டிவிடுகிறது. கணக்கைப் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும்.

கழிவுகளைக் கையாளும் முறையில் பட்டறைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஜெர்மனியில் எஞ்சின் ஆயில் விற்கும் கடை, வாங்கிய அளவுக்கான பழைய ஆயிலை இலவசமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஆகவே கவுண்டரில் ஆயில் வாங்கினால் பழைய ஆயிலுக்குக் கட்டணமில்லை; வெளியில் வாங்கி வந்தால் சிறு தொகை கேட்கிறார்கள். பழைய ஃபில்டர், பிரேக் திரவம், கூலன்ட், எண்ணெய்த் துணி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பீப்பாய் உண்டு. பழைய பேட்டரியைக் கொடுக்காமல் புதியது வாங்கினால் சட்டப்படி 7.50 யூரோ வைப்புத்தொகை சேரும். பீப்பாய்களைக் கலந்துவிட்டால் அகற்றும் செலவு பல மடங்காகிவிடும் என்பதால், இந்த விஷயத்தில் மட்டும் பணியாளர்கள் கடுமையாகவே நடந்துகொள்கிறார்கள்.

புதிய வண்டிகளுக்கு இந்தப் பட்டறை எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவு உற்சாகமளிப்பதில்லை. மின்னியக்கக் கைப்பிரேக் உள்ள காரில் பின் பேடை மாற்றும் முன், பிஸ்டனைப் பின்வாங்கச் செய்யும் பராமரிப்பு நிலைக்கு வண்டியைக் கணினி மூலம் கொண்டுபோக வேண்டும். அதற்கான கருவி இங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. எல்லாத் தயாரிப்புக்கும் அது ஒத்துப்போவதில்லை. ஏ.சி. வாயுவைத் தொடுவதற்கு அதற்கான பயிற்சிச் சான்று வேண்டும். ஏர்பேகில் வெடிபொருள் இருப்பதால் அதற்கும் தனித் தகுதி தேவை. இவற்றில் கைவைக்கக் கூடாதென்று பட்டறையின் விதியே தடுக்கிறது. மின்சாரக் கார்களுக்குச் சக்கரம், பிரேக், சஸ்பென்ஷன் வரை அனுமதி. செம்மஞ்சள் உறையிட்ட உயரழுத்தக் கம்பிகளின் பக்கம் போகக் கூடாது. மேலும் மின்சாரக் காரின் அடிப்பகுதி முழுவதும் பேட்டரி பரவியிருப்பதால் லிஃப்டின் கைகளை வைக்கும் இடத்தில் சிறிது தவறினாலும் சேதம் பெரிது. எஞ்சின் ஆயிலே இல்லாத, மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் மெதுவாகத் தேயும் வண்டிகள் பெருகும்போது, இந்தத் தொழிலின் அன்றாட வருமானமான இரண்டு வேலைகளும் மெல்லக் குறையும். என்றாலும் இன்று சாலையில் ஓடும் பழைய பெட்ரோல், டீசல் கார்கள் இன்னும் பல ஆண்டுகள் பழுதுபட்டுக்கொண்டுதான் இருக்கும்.

தொழிலைத் தொடங்க நினைப்பவர் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். இந்தப் பட்டறையின் உள்கணக்கு எனக்குத் தெரியாது. இங்கே தருவது என் மதிப்பீடு மட்டுமே. நான்கு லிஃப்டுகள், நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 6 நாட்கள் என்றால் வாரத்தில் 240 லிஃப்ட் மணி நேரம் விற்பனைக்கு இருக்கிறது. சனிக்கிழமை நிரம்பி வழிந்தாலும் செவ்வாய்க்கிழமை காலையில் ஆளிருக்காது. ஆகவே மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 மணி நேரம் விற்பனையாகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 யூரோ வீதம் வாரத்துக்கு 1,200 யூரோ. மாதத்துக்கு ஏறக்குறைய 5,200 யூரோ. இதில் 19 சதவீத விற்பனை வரி அடங்கியிருப்பதால் அதைக் கழித்தால் கையில் நிற்பது 4,370 யூரோ அளவு. மறுபுறம், பட்டறை திறந்திருக்கும் நேரமெல்லாம் லிஃப்டைக் கவனிக்க ஒருவராவது இருந்தாக வேண்டும்; மாதத்துக்குச் சுமார் 260 மணி நேரம். ஒரே ஆள் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. இரண்டு பேர் பகிர்ந்துகொண்டாலும் செலவு அதேதான். 2026 ஜனவரி முதல் ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. அதன்படி 3,614 யூரோ; முதலாளி செலுத்த வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கையும் சேர்த்தால் 4,370 யூரோவை ஒட்டி வந்து நிற்கிறது. அதாவது லிஃப்ட் வாடகை முழுவதும், அதை மேற்பார்வையிடும் ஆளின் அடிமட்டக் கூலிக்கே சரியாகப் போய்விடுகிறது. கூடத்தின் வாடகை, குளிர்காலச் சூடு, மின்சாரம், காப்பீடு, கருவித் தேய்மானம், உரிமையாளரின் சாப்பாடு எல்லாம் வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

அந்த ‘வேறெங்கிருந்தோ’ எது என்பதை இந்தப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கவுண்டரில் ஆயிலும் ஃபில்டரும் பிரேக் கிளீனரும் விற்கிறார்கள். குளிர்காலச் சக்கரங்களைக் கோடையிலும், கோடைச் சக்கரங்களைக் குளிர்காலத்திலும் பத்திரப்படுத்தி வைக்க அலமாரி வாடகை வாங்குகிறார்கள். இடம் மட்டுமே செலவாகும் இந்த வருமானத்துக்கு மேற்பார்வையே தேவையில்லை. குறிப்பிட்ட நாட்களில் சோதனை நிறுவனத்தின் பொறியாளர் வந்து இங்கேயே தகுதிச் சோதனை செய்கிறார். தோற்ற வண்டி அப்படியே பக்கத்து லிஃப்டுக்கு நகர்கிறது. பிறகு மைஸ்டரின் 75 யூரோ. லிஃப்ட் வாடகை ஆட்களை வாசலுக்குள் கொண்டுவருகிறது. லாபம் மற்ற இடங்களில் விளைகிறது. இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல், நான்கு லிஃப்டையும் ஒரு பெயர்ப்பலகையையும் மட்டும் நம்பிக் கடை திறப்பவர் இரண்டாம் குளிர்காலத்தைப் பார்ப்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

தொடக்கச் செலவில் லிஃப்டின் விலை பயமுறுத்துவதில்லை. இரட்டைத்தூண் லிஃப்ட் சில ஆயிரம் யூரோவில் கிடைக்கும். தரைதான் பயமுறுத்தும். தூண்களை நங்கூரமிடத் தயாரிப்பாளர் கேட்கும் கனத்திலும் தரத்திலும் கான்கிரீட் தளம் இருக்க வேண்டும். தரையில் வடிகால் இருந்தால் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி வேண்டும். கிடங்காக அனுமதி பெற்ற கட்டடத்தைப் பட்டறையாக்கப் பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி வாங்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று தவறினால் வாடகைக்குப் பிடித்த இடமே வீண். லிஃப்டுகளை ஆண்டுதோறும் தகுதியுள்ள நிபுணர் சோதித்து முத்திரையிட வேண்டும். அந்த முத்திரையில் அடுத்த சோதனை எந்த மாதம் என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளராகப் போகிறவர் எந்தப் பட்டறையிலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த முத்திரையைத்தான்.

காப்பீட்டைப் பற்றிப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் யோசிப்பதே இல்லை. ஜெர்மனியில் பலரிடமும் இருக்கும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு, வாகனப் பயன்பாட்டால் பிறருக்கு ஏற்படும் சேதத்தை வழக்கமாக விலக்கி வைக்கிறது. பழுதுபார்ப்பதும் அந்தப் பயன்பாட்டில் அடங்கும் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட இடமுண்டு. நம் கார் சரிந்து பக்கத்துத் தடத்திலுள்ள காரை நசுக்கினால் யார் கொடுப்பது என்பதைப் பட்டறையின் ஒப்பந்தத்தில் தேடினேன். பட்டறையின் கருவிக் கோளாறால் வரும் சேதத்துக்கு மட்டும் தாங்கள் பொறுப்பு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மற்றதை அவரவர் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல் சற்று மென்மையானது. ரூர் பகுதியில் துருக்கியர், போலந்துக்காரர், அரபு மொழி பேசுவோர், ஈழத் தமிழர் எனப் பல சமூகத்தவரும் இங்கே வருகிறார்கள். கை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவது எல்லோரிடமும் உள்ள வழக்கம். சித்தப்பாவோ மச்சானோ நண்பரோ உதவுவதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் ஒரே மனிதர் நாள்தோறும் வேறுவேறு வண்டியோடு வந்து, பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்தால் அது பதிவில்லாத் தொழில். அத்தகைய கள்ள வேலையைக் கண்காணிக்கும் சுங்கத்துறை சோதனைக்கு வரும். இந்தப் பட்டறை யார் எந்த வண்டியில் வேலை செய்கிறார் என்று பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அடிக்கடி வருகிறவர்களுக்கு இது உறுத்தலாக இருந்தாலும், கடையின் உரிமத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

மொத்தத்தில் யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், ஆயில், ஃபில்டர், சக்கரம், முன் பிரேக், பேட்டரி போன்ற வேலைகளைச் செய்யக் கை வருகிறவர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மாற்றப் போகிறவர், அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், மைஸ்டர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும் போக வேண்டும். ஸ்பிரிங் அழுத்தியை அவர் இல்லாதபோது கொடுக்கவும் மாட்டார்கள். கிளட்ச், டைமிங் பெல்ட் போன்ற வேலைகளை முதன்முறையாகச் செய்து பார்க்க இந்த இடம் ஏற்றதன்று. கடிகாரத்தின் அவசரத்தில் செய்யக்கூடிய வேலைகள் அல்ல அவை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வார நாளின் முற்பகலில் முன்பதிவு செய்தால் பணியாளரின் முழுக் கவனமும் கிடைக்கும். உதிரிபாகக் கடைகளும் அப்போது திறந்திருப்பதால், பெட்டியில் தவறான பேட் வந்திருந்தாலும் அன்றே மாற்றிக்கொள்ளலாம். புதிய பாகத்தைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இரண்டாம் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். முதல் நாள் மாலையே போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் மறுநாள் வாடகையில் ஒரு மணி நேரமாவது மிஞ்சும். ஆனால் டிஸ்க்கிலும் பேடிலும் அது படக் கூடாது. எக்ஸ்.இசட்.என். பிட் தொகுதி ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டால் இரண்டு மூன்று முறையிலேயே அதன் விலை கழிந்துவிடும். கட்டணத்தை அட்டையில் வாங்குவதில்லை, ரொக்கம்தான். அருகில் பண இயந்திரமும் கிடையாது.